முதுகில் எழுதிய நன்றி

நீங்கள் இந்தப் பிரிவில் சேர்ந்த அன்றே ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிறுசேரி அலுவலகத்தின் நான்காம் மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் எதிர்ச்சுவரில் இருக்கிறது. பள்ளி மைதானத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள் நான்கு வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் திரும்பிச் சிரிக்கிறார்கள். அறுபத்திரண்டு முதுகிலும் ஆரஞ்சு நிறப் பை. பையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: "என் கனவுக்குச் சிறகு தந்தவர்களுக்கு நன்றி."

படத்தை எடுத்தது நான். அந்த வரியை எழுதியதும் நான். எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை முதுகு காட்டி நிற்கச் சொன்னதும் நான்தான்.

பள்ளிகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து, வடிவமைத்து, கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று இப்போது உங்கள் தலைவராக இருக்கும் தினேஷ் கேட்டார். வெற்றிகரமாக முடிந்த திட்டங்களைப் பற்றி அறிக்கைகளில் படித்துக்கொள்ளலாம். அந்தப் படத்தைப் பற்றி எந்த அறிக்கையிலும் இல்லை. அதனால் அதை எழுதுகிறேன்.

பை நல்ல யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முட்டாள்தனமான யோசனையால் வந்த தவறு என்றால் அதிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டு ஊர்ப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பல பேர் வீட்டில் தரையில் குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். அப்போது வடிவமைப்பாளராகச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த தினேஷ், ஒரு பையைச் செய்து கொண்டுவந்தார். பின்பக்க ஜிப்பைத் திறந்தால் கனமில்லாத ஒரு பலகை வெளியே வரும். மடக்கியிருக்கும் இரண்டு கால்களை விரித்தால் மடிமேல் வைத்து எழுதும் சாய்மேசை. முதல் முறை பார்த்தபோது அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம்.

நிறத்துக்கும் காரணம் இருந்தது. அந்தச் சாலையில் கல்குவாரி டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும். ஓட்டுநரின் கண்ணுக்குத் தூரத்திலேயே பட வேண்டும் என்று ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தோம். பையைச் சுற்றி வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் தைத்தோம்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் கவனமாகத்தான் இருந்தோம். சிபாரிசுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். வீட்டில் மேசை உண்டா, எத்தனை அறை, எத்தனை பேர் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் படிவம் வாங்கினோம். விடைகளை ஒரு மென்பொருள் வரிசைப்படுத்தியது. மேலிருந்து அறுபத்திரண்டு பேர். பட்டியலில் பெயர், வகுப்பு, வரிசை எண் மட்டும். மனிதர் கை படாத பட்டியல் என்பதால் நியாயமான பட்டியல் என்று நம்பினோம்.

கொடுத்த அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெயர் ஸ்டெல்லா, யாரும் சொல்லித்தராமலே பலகையை எடுத்து விரித்து, "இத்த டிரம் மாதிரி தட்டலாம் மிஸ்" என்று தட்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். ஆங்கிலத்திலும் தயங்காமல் பேசினாள். அந்த நிமிடமே அவளை முடிவு செய்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் விழா. வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். இன்னும் மூன்று பள்ளிகளுக்கு அங்கே வைத்துப் பைகளைத் தருவதாக ஏற்பாடு. ஸ்டெல்லா மேடையில் ஏறி, பையை விரித்துக் காட்டி, நன்றி சொல்ல வேண்டும்.

இடையில் பிள்ளைகளின் நன்றிக் கடிதங்கள் வந்தன. அறுபத்திரண்டு கடிதம். எல்லாவற்றிலும் அதே பதினொரு வரி. கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதியவை. செய்தி மேசையில் இப்படி ஒரே வாசகத்தோடு இரண்டு வாசகர் கடிதம் வந்தாலே கீழே போட்டுவிடுவேன். இவற்றை மேலே அனுப்பிவைத்தேன்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குப் போனேன். காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறமே கண்ணில் படவில்லை. பிறகுதான் கவனித்தேன். பத்துப் பதினைந்து பேர் பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். சாம்பல் நிற உள்துணி, பிசிறு பிசிறாகத் தொங்கும் நூல். மற்றவர்கள் பழைய பையையே கொண்டுவந்திருந்தார்கள்.

குடிநீர்த் தொட்டி அருகே ஒரு பையன் இன்னொருவனிடம், "டேய் ஆரஞ்சு, நவுருடா, நாங்க குடிச்சப்பறம் குடி" என்றான். நகரச் சொல்லப்பட்டவன் நகர்ந்தான். அவன் கையில் பையே இல்லை.

"யாரை அப்படிக் கூப்பிடுறான்?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன்.

"பசங்க விளையாட்டு மேடம். பட்டப்பேரு வைக்காத ஸ்கூல் எங்க இருக்கு?"

"ஸ்டெல்லாவைக் காணோமே?"

"நாலு நாளா வரல. காய்ச்சலா இருக்கும். சனிக்கிழமைக்குள்ள வந்துடுவா, நீங்க கவலப்படாதீங்க."

எல்லாவற்றையும் என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியதோடு சரி. நான் பார்த்தது என்ன என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது சில கேள்விகள் மனத்தில் எழும்பாமல் பார்த்துக்கொள்வோம். அதுவும் வேலையில் கிடைக்கும் பயிற்சிதான்.

மறுநாள் புதன்கிழமை காலை, நான்காம் மாடித் தண்ணீர் எந்திரத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தேன். விக்டோரியா பக்கத்தில் வந்து நின்றார். நம் மாடியைச் சுத்தம் செய்பவர். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். "குட் மார்னிங் மேடம்" தவிர அவர் வேறெதுவும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

"மேடம், ஒரு நிமிசம். ஸ்டெல்லாவ நீங்கதான் மேடையில ஏத்தறீங்களாமே?"

"ஆமா. உங்களுக்கு அந்தப் பொண்ணத் தெரியுமா?"

"நான் பெத்தது மேடம். தெரியாம இன்னா?"

அவர் துடைப்பக் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அவ வரமாட்டா. ஸ்கூலுக்கே போவல. வூட்லயே குந்திகினுகீறா."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"பையி."

"பை பிடிக்கலையா?"

"பையி நல்லாத்தான் கீது. பலக சூப்பரு. சின்னவன் அதுமேல தட்ட வெச்சுதான் நாஸ்தாவே துண்றான்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "நீங்களே சொல்லுங்க மேடம். எட்டு ஊரு. எந்த ஊருலயாச்சும் ஊருக்குள்ள ஒரு பையி குடுத்தீங்களா? எல்லாம் காலனிக்கு. யூனிபாரம் போட்டுகினா எந்தப் புள்ள எந்தத் தெருன்னு தெரியாது. கேட்டாத்தான் தெரியும். இப்ப ரோட்டு முனையில வரும்போதே தெரியுது. தூரத்துலயே கண்டுபுடிக்கத்தான் பளபளன்னு பட்ட வேற வெச்சீங்களா?"

"இல்ல விக்டோரியா, அது லாரிக்காரங்க கண்ணுக்குத் தெரியணும்னு..."

"லாரிக்காரனுக்குத் தெரிஞ்சுதோ இல்லியோ, ஊருக்குத் தெரிஞ்சுது."

தொலைவில் அவருடைய சூப்பர்வைசர் வரும் சத்தம் கேட்டது. அவர் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் இத்த பேசனேன்னு தெரிஞ்சா வேற பில்டிங்குக்குத் தூக்கிப் போட்ருவான். அதான் வாய மூடிகினு இருந்தேன். நேத்துலர்ந்து டிசி வாங்கிக் குடுன்னு அழுவறா. செங்கல்பட்டுல சித்தி வூட்ல தங்கி படிக்கிறாளாம். ஒம்பதாவது நடுவுல எவன் மேடம் சேத்துப்பான்? படிப்பே நின்னுடும். அவள மேடையில ஏத்தாதீங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இருக்கைக்கு வந்து, பள்ளியிலிருந்து முகவரிப் பட்டியலை வரவழைத்தேன். அறுபத்திரண்டு பெயருக்கும் எதிரே தெருவை எழுதினேன். விக்டோரியா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. யாருடைய பெற்றோருக்கும் தாத்தாக்களுக்கும் இந்த வட்டாரத்தில் நிலம் இருந்ததில்லையோ அவர்கள் வீட்டில்தான் மேசையும் இல்லை, தனி அறையும் இல்லை. இது தெரியாத செய்தியா? நாளிதழில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் திருத்தியிருக்கிறேன். எங்கள் மென்பொருள் ஒன்றும் தவறு செய்யவில்லை. இருக்கும் பிரிவை அப்படியே கண்டுபிடித்துக் கொடுத்தது. நாங்கள் அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசினோம்.

மதியம் மேலாளரிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் சனிக்கிழமை இருந்தது.

"விருந்தாளிங்க பிளேன் ஏறியாச்சு மேடம். பஸ் சொல்லியாச்சு. பை பெட்டி பெட்டியா மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தாச்சு. அந்தப் பொண்ணு வரலன்னா வேற பொண்ணு. அறுபத்தோரு பேரு இருக்காங்கல்ல?"

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. விக்டோரியா கேட்டது அவ்வளவுதானே, ஸ்டெல்லாவை விட்டுவிடலாம் என்று தோன்றியது. பட்டியலைப் பிரித்து அடுத்த பெயரைத் தேடவே ஆரம்பித்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெயர் மேல் விரல் நின்றது. அந்தப் பிள்ளையின் அம்மா எந்த மாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்த நினைப்பில்தான் விரலை எடுத்தேன்.

மாதிரிக்கு வைத்திருந்த பைகளை அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். ஏழு பை. அறையில் நாங்களும் ஏழு பேர்.

"ஒரே ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ஆளுக்கொரு பையை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவோம். நாளைக்குக் காலைல மாட்டிக்கிட்டே வருவோம். எழுத்து வெளிய தெரியணும். அப்புறம் சனிக்கிழமையைப் பத்திப் பேசலாம்."

மேலாளர் சிரித்தார். "இவ்ளோதானே?" என்று ஒன்றை எடுத்து நாற்காலியில் மாட்டினார்.

நான் அலுவலக ஷட்டில் வேனில் ஏறி, பிறகு பேருந்து மாறி, செங்கல்பட்டு வந்து இறங்க வேண்டும். ஷட்டிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இருவர் என் முதுகைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பேருந்தில் பின்னால் நின்ற அம்மாள் பையைத் தட்டி, "எங்கனா குடுத்தாங்களாம்மா? இன்னும் கீதா?" என்று கேட்டார். அன்போடு கேட்டார். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறும்போது பையைக் கழற்றி, எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என் வரி. நானே எழுதி, நானே ரசித்த வரி. மூன்று மணி நேரம்கூட அதைச் சுமக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு பேரில் பையை மாட்டிக்கொண்டு வந்தது தினேஷ் ஒருவர்தான். கேளம்பாக்கத்தில் நண்பர்களோடு தங்கியிருந்தார். அறைக்குள் நுழைந்ததும் அவர்கள், "இன்னா மச்சான், எந்த ஊருல வெள்ளம்? பொட்டலமும் குடுத்தாங்களா?" என்று கேட்டார்களாம். காலையில் கிளம்பும்போது, "சிறகு எங்கடா? பறந்தே ஆபீஸ் போயேன், பஸ்ஸு எதுக்கு?" என்று வழியனுப்பினார்களாம். சொல்லிக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு இது ஒரு நாள் மேடம்" என்றார்.

ஒருவர் வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார். ஒருவர் பெரிய பைக்குள் அதை மடித்து வைத்திருந்தார். மேலாளருடையது காரின் டிக்கியில் இருந்தது.

"கார்லதானே வர்றேன், எங்க மாட்டுறது?"

"கீழ பார்க்கிங்ல இருந்து நாலாவது மாடி வரைக்கும் மாட்டிக்கிட்டு வரலாமே சார்."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார். கையிலும் தோளிலும் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சரி. சனிக்கிழமைக்கு என்ன பண்ணலாம், சொல்லுங்க."

சனிக்கிழமை மாமல்லபுரத்துக்கு எந்தப் பிள்ளையும் போகவில்லை. விருந்தினர்கள் முன்னால் தினேஷ் பையை வைத்து, அது எப்படிப் பிறந்தது, என்ன செய்தது என்று இரண்டையும் சொன்னார். சிலர் கேட்டார்கள். சிலர் கடலைப் பார்த்தார்கள். "அப்படியானால் இதற்குப் பதில் என்ன தரப்போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். அந்த வருடம் அந்த மூன்று பள்ளிகளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் ஒரு தலைமை ஆசிரியர் தொலைபேசியில், "கலரப் பார்த்தா ஆகுமா மேடம்? எம் பசங்க தரையில படுத்து எழுதறாங்க" என்று கோபப்பட்டார். அவர் சொன்னதும் உண்மை. நல்ல முடிவு எடுத்தால் மனம் லேசாகும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆகவில்லை.

வியாழன் மாலையே விக்டோரியாவைத் தேடிப் போய், "மேடை கிடையாது. யாருக்குமே கிடையாது" என்று சொல்லியிருந்தேன்.

"செரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார். நான் இன்னும் சில வினாடிகள் அங்கேயே நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா பள்ளிக்கு வந்துவிட்டாள் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். புத்தகங்களை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் கொண்டுவந்தாளாம். டிசி பேச்சு மட்டும் அந்த வருடம் முடியும்வரை வீட்டில் ஓயவில்லை என்று விக்டோரியா சொன்னார். பட்டப்பெயர் அவ்வளவு சீக்கிரம் போகிற விஷயம் இல்லை.

அடுத்த சில மாதங்கள் நானும் தினேஷும் அந்தப் பள்ளிக்குக் கேமரா இல்லாமல் போய்வந்தோம். படிவமும் கொண்டுபோகவில்லை. பையை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். ஒரு நாள் ஒரு பையன் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். பையிலிருந்த மின்னும் பட்டையைக் கத்தரித்து, சைக்கிளின் பின்பக்க மட்கார்டில் ஒட்டியிருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளிலும் அதே பட்டை. கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார்களாம். "குவாரி லாரி எல்லாரையும்தானே சார் இடிக்கும்?" என்றான் அந்தப் பையன். தினேஷ் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தார்.

இப்போது நீங்கள் செய்யும் முறை அங்கிருந்து வந்ததுதான். வருடத்துக்கு ஒரே பள்ளி, ஆனால் பள்ளியில் உள்ள அத்தனை பேருக்கும். பையில் பெயரோ வாசகமோ கிடையாது. நாலைந்து நிறம் இருக்கும், பிள்ளையே எடுத்துக்கொள்ளும். எழுதும் பலகைகள் வகுப்பு அலமாரியில் இருக்கும். வேண்டியவர் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், யார் எடுத்தார் என்று எங்கும் எழுதுவதில்லை. மின்னும் பட்டை தனியாக, ஆசிரியர்களின் வண்டிக்கும் சேர்த்து. ஏன் வாசகம் போடக் கூடாது, ஏன் நன்றிக் கடிதம் வாங்கக் கூடாது என்று நன்கொடையாளர்கள் உங்களைக் கேட்பார்கள். அலமாரியில் அந்த ஏழு பைகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றை எடுத்து நீட்டுங்கள். மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

சுவரில் இருக்கும் படத்தை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். பிள்ளைகள் அழகாகச் சிரிக்கிறார்களே என்றார்கள். சிரித்தது உண்மை. நான் சிரிக்கச் சொன்னேன்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்து இரண்டாம் வாரம், அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் புதிய பைகள் போய்ச் சேர்ந்தபின், ஒரு காலை நேரம் நான் மட்டும் அங்கே போனேன். வாயிலுக்குப் பக்கத்தில், புங்கமர நிழலில் நின்றேன். ஸ்டெல்லா அப்போது பத்தாம் வகுப்பு. அவளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று இருந்தது. பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பச்சை, கருநீலம், மரக்கலர், மறுபடி பச்சை. எல்லாம் ஒரே சீருடை, இரட்டைச் சடை. யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று நானும் என்னை அறியாமல் முகங்களில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. இன்றைக்கு அவள் வரவில்லை போலிருக்கிறது என்று திரும்பினேன்.

"இன்னா மிஸ், யார தேடிகினுகீறீங்க?"

பின்னால் நின்றிருந்தாள்.

"உன்னத்தான்."

"நான் அப்பவே வந்துட்டேன். உங்கள ரெண்டு வாட்டி தாண்டிப் போனேன் மிஸ்" என்றாள்.